சில சமயம் மட்டும் நின்றுபோன போர்டு

போர்டு முதல் தடவை நின்றபோது மின்சாரம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். மேலே குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேஜையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பலகை, நடுவில் ஒரு சிப், ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. விட்டுவிட்டுச் சிமிட்ட வேண்டிய விளக்கு சிமிட்டாமல் ஒரேயடியாக எரிந்தது. கணினித் திரையில் ஓடிக்கொண்டிருந்த வரிகள் பாதியில் நின்றிருந்தன. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அசையவில்லை. ரீசெட் பொத்தானை அழுத்தி அதே சோதனையை மறுபடி ஓட்டினேன். ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடி முடிந்து 'பாஸ்' என்றது. இன்னொரு தடவை ஓட்டினேன். பாஸ். சாப்பாட்டு நேரம் வரை ஓட்டிக்கொண்டே இருந்தேன். எல்லாம் பாஸ்.

திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்திருந்த காலம். கழக்கூட்டத்துப் பக்கம் ஒரு கட்டடத்தில் எங்களுடைய கம்பெனி. வெளிநாட்டில் சிப் தயாரிக்கிற ஒரு நிறுவனத்துக்காக நாங்கள் கம்பைலர் செய்துகொண்டிருந்தோம். மனிதர்கள் எழுதுகிற நிரலை அந்தச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருகிற மென்பொருள் அது. என் வேலை அதைச் சோதிப்பது. நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன நிரல்கள் என்னிடம் இருந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு விதமாக மாற்றச் சொல்வேன். ஒரு தடவை உள்ளது உள்ளபடி. இன்னொரு தடவை 'ஆப்டிமைசேஷன்' போட்டு, அதாவது தேவையில்லாத வேலையை வெட்டி, சுருக்கி, வேகமாக ஓடும்படி. இரண்டும் ஒரே விடையைத் தர வேண்டும். தந்தால் பாஸ். தராவிட்டால் கம்பைலர் தன் புத்திசாலித்தனத்தில் எங்கோ அர்த்தத்தையே மாற்றிவிட்டது என்று பொருள்.

கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்து ஆரியசாலைக்கு வந்த புதிதில் என் மாமியார் இந்த வேலை என்னவென்று கேட்டார். எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ வேற ஒருத்தன் செஞ்சதுல குத்தம் கண்டுபிடிக்கதுக்கா ஒனக்குச் சம்பளம்?" என்றார். பிறகு சிரித்து, "செரிதான், அது நமக்கு எல்லாருக்கும் வரும்" என்றார்.

எனக்கு அது கொஞ்சம் கூடவே வந்தது. சின்ன வயதிலிருந்தே கேஸை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் நின்று யோசிக்கிற ஆள் நான். எங்கள் ஊர்ப் பக்கம் இதை வெப்ராளம் என்பார்கள். மலையாளத்திலும் அதே வார்த்தைதான். இரண்டு மொழியிலும் என்னை அதே பெயர் சொல்லித் திட்டலாம் என்பது திருவனந்தபுரத்துக்கு வந்ததில் எனக்குக் கிடைத்த வசதி. போர்டு நின்ற சமயத்தில் வெப்ராளம் உச்சத்தில் இருந்தது. நான் ஆறு மாதக் கர்ப்பம். அதற்கு முந்தைய வருடம் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே நிற்காமல் போயிருந்தது. அப்போது ஒரு வலியோ, ஒரு அறிகுறியோ எனக்கு முன்கூட்டித் தெரியவில்லை. அதனால் இந்த முறை உடம்பு சொல்கிற ஒவ்வொன்றையும் காது கொடுத்துக் கேட்டேன். அது சொல்லாததையும் கேட்டேன்.

ஆப்டிமைசேஷன் பகுதியை எழுதியவர் எனக்குப் பக்கத்து மேஜை. திருச்சூர்க்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், கல்யாணமாகாதவர். தமிழ் சினிமா பார்த்துத் தமிழ் கற்றவர், அதை என்னிடம்தான் செலவழிப்பார். எங்கள் அறையில் எல்லாரையும்விட மூளைக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவருக்கும் இல்லை. மத்தியானம் நான் கொண்டுபோகிற புளிக்குழம்பில் பாதி அவருக்கு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கம்பைலரின் புதிய பதிப்பு வாடிக்கையாளருக்குப் போக வேண்டும். அது போனதும் அவர் வெளிநாட்டுக்குப் போய் ஒரு வருடம் அவர்களோடு இருந்து வேலை பார்ப்பதாக ஏற்பாடு. விசா வந்துவிட்டது. அவருடைய அம்மா ஸ்வெட்டர் வாங்கிவிட்டாராம்.

போர்டு நின்றதை முதலில் அவரிடம்தான் சொன்னேன்.

"எந்த டெஸ்ட்?" என்றார் திரும்பாமலே.

"டைமர் டெஸ்ட். ஒரே ஒரு தடவைதான். அப்புறம் நிக்கல்ல."

"எடோ, அது போர்டோட ப்ரச்னம். கரண்ட் ஏறி இறங்கும்போ இப்படி நிக்கும். ரீசெட் அடி."

அடித்தேன். அன்று முழுக்க நிற்கவில்லை. மறுநாள் காலை இரண்டு தடவை நின்றது. அவரைக் கூப்பிட்டேன். நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். பாஸ், பாஸ், பாஸ். டீ வந்தது, குடித்தோம். பாஸ். எனக்குக் காது சூடானது. வீட்டில் இருமுகிற குழந்தையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனால் அங்கே அது சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அந்த மாதிரி.

"கண்டோ?" என்றார் எழுந்துகொண்டே. கோபமில்லை, கிண்டல்தான். அவர் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் போர்டு நின்றது. நான் மறுபடி கூப்பிடவில்லை. வெறுமனே சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன். நிற்கவே இல்லை. அதையும் அவரிடம் சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதிலில் நியாயம் இருந்தது. "எப்பவாவது நிக்கற சாதனம், இன்னும் நிக்கல்லன்னு சொன்னா என்ன அர்த்தம்? இனிமேலும் நிக்காதுன்னா? இன்னும் கொஞ்சம் ஓட்டு, அதுவும் நிக்கும்." இன்னும் கொஞ்சம் ஓட்டினேன். நிற்கவில்லை. ஆனால் எத்தனை தடவை ஓட்டினால் போதும்? அதற்கு ஒரு கணக்கு இல்லை. போர்டிலிருந்து கையை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மற்ற எந்தச் சோதனையிலும் கோளாறு இல்லை. போர்டுக்குப் பதிலாகக் கணினியிலேயே சிப்பைப் போல நடித்துக் காட்டும் சிமுலேட்டர் ஒன்று இருந்தது, அதில் இந்தச் சோதனையும் எப்போதும் பாஸ். உண்மையான போர்டில் மட்டும், இந்த ஒன்று மட்டும், எப்போதாவது.

திங்கள்கிழமை எங்கள் தலைவியான மேடம் எல்லாரையும் கூட்டி, வெள்ளிக்கிழமைக்கு என்ன பாக்கி என்று கேட்டார். வேலை தெரிந்தவர், குரல் உயர்த்தாதவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். என் முறை வந்ததும் டைமர் சோதனையைச் சொன்னேன்.

"இப்போ காட்டித் தர முடியுமோ?"

"எப்போ நிக்கும்னு சொல்ல முடியல்ல மேடம்."

"எத்ர ப்ராவஸ்யம்? எத்தனை தடவைக்கு ஒரு தடவை?"

"அதுவும் ஒரே மாதிரி இல்ல."

மேடம் திருச்சூர்க்காரரைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கி, "பழைய போர்டு" என்றார். மேடம் என்னிடம் திரும்பியபோது முகத்தில் இருந்தது எரிச்சல் இல்லை, கரிசனம். "நோக்கூ, நானும் ரெண்டு பெற்றவளாணு. இந்த டைமில் எல்லாத்துக்கும் பேடி தோணும், பயம். எனிக்கும் தோணி. வெள்ளிக்கிழமை கழிஞ்ஞா நீ ஒரு வாரம் லீவ் எடுத்து ரெஸ்ட் எடுக்கணும், கேட்டோ?"

சுற்றி இருந்தவர்கள் புன்னகை செய்தார்கள். நானும் செய்தேன். அவர் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அன்பாகச் சொன்னதற்கு என்ன சொல்வது? அதைவிட, அவர் சொன்னது சரியாக இருக்குமோ என்று எனக்கே பட்டது. அந்த நாட்களில் லிஃப்டில் ஏறினால் கதவு மூடுவதற்குள் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அந்தக் கதவுக்குப் பின்னாலும் இப்படி ஒரு சிப் இருக்கும், அதற்கும் யாரோ ஒருவர் கம்பைலர் எழுதியிருப்பார், யாரோ பாஸ் போட்டிருப்பார். எங்கள் சிப் எதில் எல்லாம் போகும் என்று வாடிக்கையாளர் விவரமாகச் சொன்னதில்லை. ஒரே ஒரு மெயிலில், நோயாளிக்கு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிற ஒரு இயந்திரத்தைப் பற்றி வந்திருந்தது. அந்த மெயிலை நான் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.

எங்கள் வீடு ஆரியசாலைச் சந்து ஒன்றில் மாடியில். கீழே வற்றல் மிளகாய் கிட்டங்கி. மூட்டை இறக்குகிற நாளில் மாடி வரை தும்மல் வரும். என் கணவர் அதே தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு பார்த்தார். அன்று சாப்பிடும்போது மாமியார் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மக்களே, சோத்த அளஞ்சுக்கிட்டே இருக்கே?"

"பசிக்கல்ல அத்தே."

"ஆபீசுல என்ன?"

"ஒண்ணு செரியா ஓடல்ல. ஆனா மத்தவங்க பாக்கும்போ ஓடுகு."

அவர் யோசித்தார். "ஒங்க மாமா இருந்த காலத்துல எங்க ரேடியோவும் அப்பிடித்தான். ரிப்பேர்க்காரன் கையில கொடுத்தா நல்லா பாடும்." அதற்கு மேல் அவருக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. இன்னொரு கரண்டி ரசத்தை ஊற்றினார். "நீ வெப்ராளப்படாதே. வயித்துல இருக்கதுக்குக் கேக்கும்."

வயிற்றில் இருப்பதற்கு என் வெப்ராளம் கேட்கும் என்ற அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை, நிரல் சரியாக எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பதற்காக, அதற்குள் ஒரு வரி சேர்த்தேன். 'இங்கே இருக்கிறேன்' என்று திரையில் அச்சிடும் வரி, அவ்வளவுதான். சிப்பில் இருக்கும் டைமர் மணி அடிக்கும் வரை நிரல் காத்திருக்கிற இடத்தில் அதைப் போட்டேன். அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட்டினேன். போர்டு ஒரு தடவைகூட நிற்கவில்லை. வரியை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் நின்றது. திரும்பச் சேர்த்தேன். நிற்கவில்லை.

பஸ் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கரண்ட் ஏறி இறங்குவதுதான் காரணம் என்றால், நான் ஒரு வரி அச்சிடுவதும் அச்சிடாததும் கரண்டுக்கு எப்படித் தெரியும்? நாளைக்குக் காலையில் போனதும் இதைத் திருச்சூர்க்காரரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பழவங்காடியில் இறங்கும்போது கொஞ்சம் தைரியமாகக்கூட இருந்தது.

புதன்கிழமை காலையில் அதே பழவங்காடியில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றேன். அங்கே கோயிலில் பிள்ளையாருக்கு யாரோ தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள், ஒன்றன்பின் ஒன்றாக, நிறைய வேண்டுதல் போலிருக்கிறது. வழக்கமாக அந்தச் சத்தத்துக்கு வயிற்றில் குழந்தை ஒரு துள்ளு துள்ளும். அன்று துள்ளவில்லை. பஸ் வந்தது, ஏறினேன். பாளையம் தாண்டியது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். காலையில் எழுந்ததிலிருந்து அசைந்ததா? நினைவில்லை. நேற்றுச் சாயங்காலம் முழுக்கப் போர்டையே நினைத்துக்கொண்டிருந்தேனே, அப்போது அசைந்ததா? அதுவும் நினைவில்லை. உள்ளங்கை வேர்த்தது. பக்கத்தில் இருந்த பெண் ஏதோ கேட்டாள். எனக்கு மலையாளமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. டிரைவரிடம் நிறுத்தச் சொல்லி வழியிலேயே இறங்கிவிட்டேன்.

டெலிபோன் பூத்திலிருந்து கணவரின் கடைக்குப் பேசினேன். "அசையல்ல" என்று மட்டும்தான் சொன்னேன். "நீ ஆஸ்பத்திரிக்குப் போ, நான் இப்ப வாறேன்" என்றார். ஆட்டோ பிடித்து, நான் காட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

என்னை ஒரு அறையில் படுக்க வைத்தார்கள். நர்ஸ் வயிற்றில் குளிர்ந்த களிம்பைத் தடவி ஒரு கருவியை வைத்து நகர்த்தினாள். இரைச்சல் மட்டும் கேட்டது. நகர்த்தினாள். இரைச்சல். பக்கத்துப் படுக்கை அருகே ஒரு இயந்திரம் சின்னப் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்த விளக்கையே பார்த்தேன். நின்றுவிடாதே, நின்றுவிடாதே என்று மனதுக்குள் சொன்னது குழந்தையிடமா அந்த இயந்திரத்திடமா என்று இன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு சத்தம் வந்தது. ஓடுகிற குதிரையைப் போல, நம்ப முடியாத வேகத்தில்.

"ஆ, கள்ளி. திரிஞ்ஞு கிடக்கையாணு" என்று நர்ஸ் சிரித்தாள். திரும்பிப் படுத்துக்கொண்டிருக்கிறதாம். டாக்டர் வந்து பார்த்து, குழப்பம் ஒன்றும் இல்லை என்றார். குழந்தை முதுகைக் காட்டிக் கிடந்தால் அசைவு அவ்வளவாகத் தெரியாது, பயந்து ஓடி வந்தது தப்பில்லை, ஆனால் பயந்துகொண்டே இருக்காதே என்றார். நான் அழ ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

கணவர் மூச்சு வாங்க வந்து நின்றார். சட்டையில் மிளகாய் நெடி. விஷயம் கேட்டதும் நர்ஸின் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணு சொல்லட்டா? கோவிக்கக் கூடாது" என்றார்.

"சொல்லுங்க."

"அந்த ஆபீஸ் விஷயமும் இப்பிடித்தான் இருக்கும். நீ ரொம்ப நெனச்சு நெனச்சுப் பாக்கே. விட்டுரு."

நான் தலையாட்டினேன். அது நியாயமாகவே பட்டது. குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பஸ்ஸில் எனக்கு எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்ததோ, அதே அளவு நிச்சயமாகத்தான் கம்பைலரில் கோளாறு என்றும் தெரிந்தது. ஒன்று பொய்யாகிவிட்டது. இரண்டாவதை மட்டும் நான் எதை வைத்து நம்புவது? என் பயத்துக்கு இதுவும் அதுவும் ஒன்றுதான். நெஞ்சு ஒரே மாதிரிதான் அடித்துக்கொண்டது. உள்ளங்கை ஒரே மாதிரிதான் வேர்த்தது.

வியாழக்கிழமை ஆபீஸுக்குப் போகும்போது முடிவோடுதான் போனேன். டைமர் சோதனையை போர்டின் கோளாறு என்று எழுதிவிடலாம். பதிப்பு நாளைக்குப் போகட்டும். அவர் ஸ்வெட்டரோடு விமானம் ஏறட்டும். நான் லீவ் போட்டுப் படுக்கலாம். எழுதுவதற்கு முன்னால், பிறகு மனசு உறுத்தக் கூடாது என்பதற்காக மட்டும், இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன். அதுவரை விடைகளைத்தான் ஒப்பிட்டிருந்தேன், பாஸா ஃபெயிலா என்று. கம்பைலர் சிப்புக்காக எழுதித் தந்த கட்டளைகளையே வரி வரியாகப் படித்ததில்லை. அது என் வேலையும் இல்லை. அதைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு கேன்டீன் ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தேன். காலை டீ முடிந்து கேன்டீன் காலியாக இருந்தது.

ஆப்டிமைசேஷன் இல்லாத தாளை முதலில் படித்தேன். டைமருக்காகக் காத்திருக்கும் இடம் வந்தது. டைமர் மணி அடித்ததும் நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒன்று என்று எழுதும். அதுவரை அங்கே பூஜ்யம். நிரல் செய்ய வேண்டியது: அந்த இடத்தைப் போய்ப் பார், பூஜ்யமா, அப்படியானால் திரும்ப முதலிலிருந்து, போய்ப் பார். தாளில் அப்படியே இருந்தது.

இரண்டாவது தாளில், ஆப்டிமைசேஷன் போட்டதில், அதே இடத்தைத் தேடினேன். போய்ப் பார் என்ற கட்டளை ஒரு தடவை இருந்தது. அதற்குப் பிறகு, பூஜ்யமா, அப்படியானால் திரும்பிப் போ என்று இருந்தது. எங்கே திரும்பிப் போகிறது என்று விரலை வைத்துப் பார்த்தேன். போய்ப் பார் என்ற வரிக்கு இல்லை. அதற்கு அடுத்த வரிக்கு.

விரலை எடுக்காமல் மறுபடி மேலிருந்து படித்தேன்.

அடுப்பில் பால் வைத்துவிட்டு ஒருவரிடம் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறோம். அவர் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறார். பொங்கவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பொங்கவில்லை, பொங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்த வரிகள் செய்தது அதைத்தான். முதல் தடவை பார்ப்பதற்குள் டைமர் மணி அடித்திருந்தால் பிழைத்தது. ஒரு இமைப்பொழுது தாமதமாக அடித்திருந்தால் போர்டு நிரந்தரமாக அங்கேயே நின்றது. அதனால்தான் எப்போதாவது. அச்சிடும் வரியைச் சேர்த்தபோது, அச்சிட்டு வருவதற்குள் ஏதாவது மாறியிருக்கலாம் என்று கம்பைலருக்கே சந்தேகம் வந்து, ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்திருக்கிறது. சிமுலேட்டரில் நிஜ டைமரே கிடையாது. எல்லாம் பொருந்தியது. ஒன்றும் மிச்சமில்லை.

தாள்களை மடித்துக்கொண்டு எழுந்தேன். சந்தோஷமா என்றால் இல்லை. முதலில் திருச்சூர்க்காரருடைய முகம்தான் ஞாபகம் வந்தது.

அவரிடம் நேராகத் தாளைக் காட்டவில்லை. என் மேஜைக்குப் போய், டைமர் தாமதமாக மணி அடிக்கும்படி மாற்றி வைத்தேன். நான் புரிந்துகொண்டது சரியென்றால் இப்போது ஒவ்வொரு தடவையும் நிற்க வேண்டும். ஓட்டினேன். நின்றது. ரீசெட் அழுத்தி ஓட்டினேன். நின்றது. பிறகுதான் கூப்பிட்டேன்.

"இப்போ நீங்க ஓட்டுங்க" என்றேன்.

ஓட்டினார். சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்தது. ரீசெட் அழுத்தினார். மறுபடி அதே. மூன்றாவது தடவை பொத்தானை அழுத்திய விரலை எடுக்காமல் வைத்திருந்தார்.

"போர்டு மாற்றி நோக்கியோ?"

"வேற போர்டுலயும் நிக்கும். பாக்கணுமா?"

தாளை வைத்தேன். படித்தார். அவருக்கு என்னைப் போல விரல் வைத்துத் தேட வேண்டியிருக்கவில்லை. கண் அந்த இடத்துக்கு நேராகப் போய் நின்றது.

"டெஸ்ட் எழுதியவன் தப்பா எழுதியிருப்பான்" என்றார். "அந்த இடத்துக்கு வோலடைல் போட்டிருக்க மாட்டான்." ஒவ்வொரு தடவையும் நேரில் போய்ப் பார், நினைவில் வைத்துக்கொண்டு சொல்லாதே என்று கம்பைலருக்குச் சொல்கிற வார்த்தை அது. அதைப் போடாமல் விட்டால் கம்பைலர் மேல் குற்றமில்லை.

நான் நிரலைத் திறந்து காட்டினேன். வார்த்தை இருந்தது.

அவர் எழுந்து வெளியே போனார். கண்ணாடி வழியாகத் தெரிந்தது, கட்டடத்துக்கு வெளியே முந்திரி மரத்தடியில் போய் நின்றார். நான் பின்னால் போகவில்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். தன் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்ய ஆரம்பித்தார். சாப்பாட்டுக்கு வரவில்லை. அவருடைய பங்குப் புளிக்குழம்பு டப்பாவிலேயே இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு, என் பக்கம் திரும்பாமல், "கிட்டியது" என்றார்.

சின்னதான ஒரு நிரல் துண்டை அது பயன்படும் இடத்திலேயே கொண்டுபோய் நகலெடுத்து வைப்பது வேகம் கூட்ட அவர் செய்த உத்திகளில் ஒன்று. நகலெடுக்கும்போது எல்லாம் வந்தது, வோலடைல் என்ற அந்த அடையாளம் மட்டும் வரவில்லை. அடையாளம் இல்லாததைப் பார்த்த அடுத்த பகுதி, இதை ஒரு தடவை பார்த்தால் போதுமே என்று தன் கடமையைச் சரியாகவே செய்திருந்தது. திருத்த வேண்டியது ஒரே ஒரு வரி.

மேடம் அறைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனோம். பேசியது அவர்தான். பிழை என்னுடையது என்றார், கண்டுபிடித்தது இவர் என்றார். மேடம் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளி, "இரிக்கூ" என்றார். வாடிக்கையாளரோடு போனில் பேசி முடிக்கும் வரை அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். மறுமுனையில் இருந்தவரின் குரல் எனக்கே கேட்டது. வெள்ளிக்கிழமைப் பதிப்பு போகவில்லை. வரியைத் திருத்திய பிறகு எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து ஓட்டினோம், நிஜ போர்டில், டைமரை வேகமாகவும் மெதுவாகவும் வைத்து. அதே மாதிரி அடையாளம் தொலைகிற இன்னொரு இடமும் அகப்பட்டது. பதிப்பு போய்ச் சேர்ந்தபோது வேகம் முன்பு சொன்னதைவிடக் குறைவு என்று வாடிக்கையாளர் புகார் எழுதினார். திருச்சூர்க்காரரின் பயணம் தள்ளிப்போனது. எப்போது என்று யாரும் சொல்லவில்லை.

அவர் என்னிடம் வேலை தவிர எதுவும் பேசாமல் ஆனார். மரியாதையாகத்தான் இருந்தார், அதுதான் கஷ்டமாக இருந்தது. 'எடோ' என்று உரிமையோடு கூப்பிடுவது நின்றுபோய்விட்டது. சாப்பாட்டுக்கு வேறு மேஜைக்குப் போனார். வீட்டில் மாமியாரிடம் நடந்ததைச் சொன்னபோது, "நீ கண்டுபிடிச்சது நல்லதுதானே, அப்புறம் எதுக்கு அழுகே?" என்று கேட்டார். கண்டுபிடித்தால் வெப்ராளம் அடங்கும் என்று நினைத்திருந்தேன். அடங்கவில்லை. பாஸ் என்று வருகிற ஒவ்வொரு சோதனையையும் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தேன். இது எதைப் பார்க்காமல் பாஸ் ஆகிறது?

பிரசவ லீவுக்குப் போவதற்கு முந்தைய நாள் கேன்டீனில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவர் இரண்டு டீயோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"எடோ, ஒரு காரியம் சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க."

"நீ சொல்றதுக்கு முன்னாடியே எனிக்கு ஒரு தடவை நின்னது. அதே டெஸ்ட். நான் ரீசெட் அடிச்சேன். அப்புறம் ஓடிச்சு. போர்டுதான்னு நெனச்சேன்." டீயைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இல்ல. போர்டுதான்னு நெனைக்க ஆசைப்பட்டேன்."

"ஏன் சொல்லல்ல?"

"வாய்விட்டுச் சொன்னா உண்மையாயிடும்னு பேடி."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க நான் பட்டதும், கூட்டத்தில் எல்லாரும் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. ஆனால் வந்தது கோபமில்லை. எனக்குத் தெரிந்து பயமே இல்லாத ஒரே ஆள் அவர்தான் என்று நினைத்திருந்தேன். அவரும் பயந்திருக்கிறார், என்னைப் போல வெளியே சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பின்னாலேயே இன்னொரு நினைப்பு வந்தது. அவர் ஒருவர்தானா? உலகத்தில் எத்தனை மேஜைகளில் எத்தனை பேர் இந்த நேரத்தில் ரீசெட்டை அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள்?

அதை அவரிடம் கேட்டும்விட்டேன். டீ ஆறிப்போயிருந்தது, இரண்டு பேரும் அதையே குடித்தோம். பிறகு என் பையை அவர் எடுத்துக்கொண்டார், நான் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக இறங்கினேன். லிஃப்ட் இருந்தது. அந்த வாரத்துக்குப் பிறகு நான் படியில்தான் வருவேன் என்று அவருக்குத் தெரியும், அவரும் படியிலேயே கூட வந்தார்.